கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களின் பழைய தெருக்களில் மலிவாக வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்திரம் எழுதும் தொழிலில் இருந்த காலத்தில், பத்து லட்சத்துக்கும் குறைவாகக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு வீடு கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களே என்னிடம் அதிகம். அவர்களில் பலர் புது மனைப்பிரிவுகளை நாடாமல், ஓட்டு வீடுகளும் நெருக்கமான சந்துகளும் உள்ள பழைய தெருக்களையே தேடினார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஊரில் இந்தத் தெருக்களில் மட்டும் வீடு ஏன் மலிவாகக் கிடைக்கிறது?

குறை தெருவில் இருக்கலாம், கட்டடத்தில் இருக்கலாம், பத்திரத்தில் இருக்கலாம். பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட, பெரியவர்களின் காலத்துக்குப் பின் வீடு பூட்டிக் கிடக்கும். வியாபாரம் நெடுஞ்சாலைப் பக்கம் நகர்ந்திருக்கும். சந்துக்குள் கார் நுழையாது. சாக்கடை திறந்தே ஓடும். இவை தெருவின் குறைகள். இவற்றோடு வாழ முடியுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். கட்டடத்தின் குறைக்குக் கொத்தனாரிடம் விலை கேட்டுவிடலாம். ஆனால் உடன்பிறந்தவர்களின் வழக்கு, புறம்போக்கு, போலி அதிகாரப் பத்திரம் (பவர்) போன்றவற்றால் விலை இறங்கிய வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. எனவே, விலையைப் பேசுவதற்கு முன், அந்த விலை எந்தக் குறையால் வந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். விற்பவர் சொல்லும் காரணத்தோடு, எதிர்வீட்டு முதியவர் சொல்லும் காரணத்தையும் கேட்டு வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

பூட்டிவைத்து, விலை ஏறியதும் விற்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. இத்தகைய தெருவில் வீட்டு விலை பத்து ஆண்டுகள் அசையாமல் நிற்கக்கூடும்; பூட்டிய ஓட்டு வீட்டுக்கோ மழைக்காலம் ஒவ்வொன்றும் சேதம். குடியிருப்பதற்கு மட்டும் வாங்குங்கள்.

தெருவை எப்படிப் பார்ப்பது?

தரகரோடு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய்ப் பார்ப்பது பார்த்ததாகாது. குழாயில் தண்ணீர் விடும் நாளில் அந்த நேரத்துக்கு ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு முறை என்று குறைந்தது மூன்று முறையாவது தனியாகப் போக வேண்டும். மழைக்கு மறுநாள், சாக்கடை நீர் எந்த வீட்டு வாசற்படி வரை ஏறியது என்பதைச் சுவரில் உள்ள ஈரக்கோடே காட்டிவிடும். தெருவிளக்கு எரிகிறதா, குப்பை வண்டி சந்துக்குள் வருகிறதா, இல்லை முனையிலேயே நின்றுவிடுகிறதா, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்பதையும் பாருங்கள். வயதான பெற்றோர் உடன் இருப்பார்களானால் கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

வீட்டுப் பெண்களையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். நான்கு வீடுகளில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வரும் பெண்மணி அறிந்து வரும் செய்தியைப் பத்து வில்லங்கச் சான்றுகள் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல்) தருவதில்லை.

இங்குள்ள தண்ணீரைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல் காவி படிவதும், நாட்பட்டால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுவதும் இப்பகுதி மக்கள் அறிந்ததே. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆகவே வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னாலும், அதைக் குடிநீராகக் கணக்கில் வைக்காதீர்கள். நகராட்சிக் குழாய் இணைப்பு அந்த வீட்டின் பெயரில் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, கோடையில் அது எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

கட்டடத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஓட்டு வீடானால் ஓடு பெரிய செலவில்லை. அதைத் தாங்கும் மரச் சட்டமும், சரிவாகப் போகும் கைமரமும்தான் செலவு. கைமரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால், கரையான் தின்ற மரம் ரொட்டிபோல் உள்ளே வாங்கும். தளம் போட்ட வீடானால், காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் என்றால் பூசலாம், அறை முழுவதும் என்றால் தளத்தை இடித்துப் போடும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். புதிதாக வெள்ளையடித்த அறையை மட்டும் இரண்டு மடங்கு நேரம் பாருங்கள்.

இந்தப் பக்கம் கருங்கல்லுக்குக் குறைவில்லையாதலால் பழைய வீடுகளுக்குக் கல் அடித்தளமே இருக்கும். அது பெரும்பாலும் உறுதியானது. அதன்மேல் மண்சாந்தில் கட்டிய சுவரோ மேல்மாடியைத் தாங்காது. "மேலே ஒரு மாடி எடுத்துக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வதை, சுவரில் ஓரிடத்தில் பூச்சை உரித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். பொதுச் சுவர் இருந்தால், அது யாருடையது என்று உங்கள் பத்திரமும் பக்கத்து வீட்டுப் பத்திரமும் ஒரே மாதிரி சொல்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். தரகரோடு தொடர்பில்லாத ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள்.

எந்தெந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

விற்பவரின் பத்திரம், அவருக்கு விற்றவரின் பத்திரம், அதற்கும் முந்தைய மூலப்பத்திரம் என்று குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான தொடர்ச்சி அசலாக வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை நீங்களே எடுக்கலாம். விற்பவர் கொடுக்கும் நகலை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1965-க்கு முன் இவ்விரண்டு ஊர்களும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 2-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே ஒரே கிருஷ்ணகிரி வீட்டின் மூன்று தலைமுறைப் பத்திரங்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருப்பது பிழையன்று. ஆனால் சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லையும் காலப்போக்கில் மாறியிருப்பதால், பழைய ஆண்டுகளுக்கான வில்லங்கத்தை அப்போது அந்தத் தெரு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கே தேடச் சொல்ல வேண்டும். கணினியில் ஏறாத ஆண்டுகளைக் கைமுறையாகத் தேடத்தான் வேண்டும். அதற்குச் சோம்பல் படாதீர்கள்.

வில்லங்கச் சான்றில் வராதவை பல உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத போக்கியம் (மொத்தத் தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பது), நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு, நகராட்சிக்குச் செலுத்தாத வரி ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். "வில்லங்கம் இல்லை" என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். கிழமேல் இத்தனை, தென்வடல் இத்தனை ஜாதியடி (பத்திர வழக்கில் அடி) என்று எழுதியிருப்பதை நாடா பிடித்து அளந்து, நகர நில அளவைப் பதிவேட்டில் சதுர மீட்டரில் உள்ள பரப்போடு ஒப்பிட வேண்டும். 600 சதுர அடி என்பது ஏறத்தாழ 55.7 சதுர மீட்டர். செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், "இதற்கு வடக்குப் பொது நடை" என்றிருந்தால் அந்த நடை இன்றும் திறந்திருக்கிறதா? "கிணற்றில் நாலில் ஒரு பாத்தியம்" (உரிமை) என்றிருந்தால், மூடிப்போன அந்தக் கிணற்றின் மேல் இப்போது யாருடைய சமையலறை நிற்கிறது? இக்கேள்விகளைப் பதிவுக்குப் பின் கேட்டுப் பயனில்லை.

வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் விற்பவர் பெயரில் உள்ளன. பட்டா இல்லாவிட்டால் என்ன?

வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று. உரிமைக்குச் சான்று அன்று. புறம்போக்கில் உள்ள வீட்டுக்கும் வரி விதிப்பார்கள், மின்சாரமும் கொடுப்பார்கள். நிலம் வருவாய்ப் பதிவேட்டில் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதே கேள்வி. கிராம நத்தமாக (ஊரின் குடியிருப்பு நிலமாக) இருந்து நகரோடு சேர்ந்த பகுதியானால் நத்தம் பட்டா பெற்றிருக்கலாம், அது நல்லது. ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால், எத்தனை ஆண்டுகள் குடியிருந்திருந்தாலும் நீர்நிலை ஆக்கிரமிப்பாகவே கருதி அகற்றுவார்கள்; நீர்நிலைகளுக்கென 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்றால் பதிவே நடக்காது. அரசு இலவசமாகக் கொடுத்த மனைப் பட்டாவானால், அதிலுள்ள நிபந்தனைகளையும் விற்பனைத் தடைக் காலத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். அரசு வீட்டு வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீடு பெற்றவர், தவணை முடித்து வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் பெறாதவரை, அவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. நோட்டரி முத்திரையுடன் வெறும் முத்திரைத் தாளில் எழுதித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

விற்பவர் "இது அப்பா வீடு" என்கிறார். யார் யார் கையெழுத்திட வேண்டும்?

பழைய தெரு வீடுகளில் பாதிச் சண்டை இதில்தான். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோரோடு, அப்போது உயிருடன் இருந்த அவருடைய தாயும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல்நிலை வாரிசு. பாட்டியை மறந்துவிட்டு எழுதிய பத்திரங்கள் ஏராளம். பூர்வீகச் சொத்தில் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு கொடுத்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. திருத்தம் வந்த அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை போன்றவற்றை மட்டும் அத்திருத்தம் தொடாது. ஆகவே "அக்காவுக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டுவிட்டோம்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அக்கா நேரில் வந்து கிரயத்தில் கையெழுத்திட வேண்டும் அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் நகராதீர்கள்.

இஸ்லாமியக் குடும்பத்தின் வீடானால் பங்குமுறை வேறு. மனைவி, மகள், பெற்றோர் யாவருக்கும் அதில் பங்குண்டு. மேலும், வாய்மொழியாகக் கொடுத்து ஒப்படைத்த ஹிபா என்னும் தானமும் அவர்களுடைய சட்டப்படி செல்லுபடியாகும் என்பதால், அப்படி ஏதேனும் நடந்ததா என்று குடும்பப் பெரியவர்களிடமே கேட்டறிய வேண்டும்.

விற்பவருக்கு அந்த வீடு தாயோ தந்தையோ எழுதிய தான செட்டில்மென்ட்டில் வந்திருந்தால், அந்தப் பெற்றோர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்டவர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் அதை ரத்து செய்யக் கோரலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, அவரைக் கிளப்பிவிட்டு அந்த அறையில் நீங்கள் படுக்க வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதே.

வீட்டில் ஒருவர் போக்கியத்துக்கு இருக்கிறார். அவரை விற்பவர் காலி செய்து தருவார் அல்லவா?

காலி செய்த பிறகு பதிவு. போக்கியப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாததால்தான் பலர் வீட்டையே விற்கிறார்கள். அந்தப் பணம் உங்கள் கிரயத் தொகையிலிருந்துதான் வரும். அப்படியானால் அத்தொகையை மூவரும் இருக்கும்போது நேரடியாகக் குடியிருப்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, ரசீது எழுதி வாங்கி, சாவியையும் பெற்றுக்கொண்டு பதிவுக்குப் போங்கள்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒன்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு 63,000 ரூபாயும் 18,000 ரூபாயும் சேர்த்து 81,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்ச ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. மேற்படி கணக்கில் 9,000 ரூபாய் மிச்சம். மனைவி பெயரில் வாங்கத் தயங்குபவர்களுக்கு இதைச் சொன்னால் பாதிப்பேர் உடனே மனம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். எழுத்துக்கூலி, வழக்கறிஞர் கட்டணம், கணினிக் கட்டணம் ஆகியவை தனி.

பேசிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால்?

நலிந்த தெருக்களில் இது நடப்பதுண்டு. சர்வே எண்ணுக்கோ தெருவுக்கோ அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின்படி மனையின் மதிப்பையும், கட்டடத்தின் வகை, வயது ஆகியவற்றின்படி கட்டடத்தின் மதிப்பையும் சேர்த்தே தீர்வை கணக்கிடப்படும். நீங்கள் கொடுக்கும் உண்மை விலை அதைவிடக் குறைவு என்றால் இரண்டு வழிகள். வித்தியாசத்துக்கும் சேர்த்துத் தீர்வை கட்டிவிட்டுப் பத்திரத்தை அன்றே வாங்கிக்கொள்ளலாம். அல்லது உண்மை விலைக்கே தீர்வை கட்டிப் பதிந்து, இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்கீழ் மதிப்பை முடிவு செய்ய அனுப்பச் சொல்லலாம். அப்போது பத்திரம் கைக்கு வரத் தாமதமாகும், வங்கிக் கடன் இருந்தால் அது தடைப்படும். வித்தியாசம் சிறிதானால் கட்டிவிடுவதே நிம்மதி. ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடென்று தவறாக எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் மதிப்பு அதனால் தேவையில்லாமல் ஏறிவிடும்.

முன்பணத்தை ரொக்கமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே தொகை தண்டமாக விதிக்கப்படலாம். இதை விற்பவரிடம் பதமாகச் சொன்னாலே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுவார். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் அதுவே சட்டம்.

வங்கிக் கடன் கிடைக்குமா? மானியம் உண்டா?

ஓட்டு வீட்டுக்கும், கட்டட அனுமதி வரைபடம் இல்லாத பழைய வீட்டுக்கும் கடன் தர வங்கிகள் தயங்குகின்றன. மீதமுள்ள ஆயுளைப் பொறியாளர் குறைத்து மதிப்பிட்டால் தவணைக் காலமும் குறையும். எனவே ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே ஆவண நகல்களோடு வங்கிக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். 2024 செப்டம்பர் 1-க்குப் பின் ஒப்புதலான கடன்களுக்கு, பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; நாட்டில் வேறெங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் நிலையான வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியமாக, ஐந்து ஆண்டுத் தவணைகளில் அதிகபட்சம் 1.80 லட்சம் கிடைக்கும்.

வங்கி ஏலத்தில் வரும் வீடு இன்னும் மலிவாக உள்ளதே?

உள்ளே ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஏலத்தில் "உள்ளது உள்ளபடி" என்றுதான் விற்பார்கள்; வரி பாக்கியும் காலி செய்யும் பாடும் உங்கள் தலையில் விழலாம். வென்றவுடன் 25 சதவீதமும், விற்பனை உறுதியான பதினைந்து நாளில் மீதியும் கட்ட வேண்டும். தவறினால் கட்டியதை இழக்க நேரிடும். கடனை நம்பி ஏலம் கேட்பவர்களுக்கு இது ஏற்றதன்று.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா?

சிறிய மனையில் சட்டப்படி பக்க இடைவெளி விட்டபின் எஞ்சுவது பழைய வீட்டைவிடச் சிறியதாகிவிடலாம். அந்தத் தெரு தொடர் கட்டடப் பகுதியாக (வீடுகளைப் பக்க இடைவெளியின்றி ஒட்டிக் கட்டக்கூடிய பகுதியாக) அறிவிக்கப்பட்டிருந்தால் நிலைமை மாறும். நகராட்சியில் கேட்டுவிட்டே கடப்பாரையை எடுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைக்கோ கோயிலுக்கோ 100 மீட்டருக்குள் மனை இருந்தால் புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு; அதற்கடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி தேவை. மலையடிவாரத்திலும் கோட்டைப் பக்கத்திலும் வீடு பார்ப்பவர்கள் இதை விசாரிக்க வேண்டும்.

பதிவு முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

உட்பிரிவு தேவையில்லாத சொத்தானால் பட்டா மாறுதல் இணையவழியில் தானாகவே நகரும். ஆனாலும் பெயர் ஏறியதா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய பாக்கியை விற்பவர் கட்டிய ரசீதைப் பதிவுக்கு முந்தைய நாளே வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டுப் பூட்டை மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்துக் கழுவுங்கள். ஓட்டு வீடானால் மாம்பழப் பருவம் முடிவதற்குள் ஓடு மாற்றி முடித்துவிடுங்கள். ஆடி பிறந்தபின் ஆளும் கிடைக்கமாட்டார், புரட்டாசி, ஐப்பசி மழையும் காத்திருக்காது.